பொன் காயாத ஏடு

அத்தியாயம் 4

லாப பஞ்சமியன்று கடை திறந்ததும் வருகிற முதல் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. பாடண் நகரத்தில் புடவை விற்கிறவரும் இரும்பு விற்கிறவரும் கடைப்பிடிக்கிற இந்த விதியை, துப்பறிகிற தர்ஷனாபென் மணியாரும் விடாமல் கடைப்பிடிக்கிறார். தீபாவளிக்கு மூடிய அலுவலகத்தை அன்று காலை எட்டு மணிக்குத் திறந்தோம். நான் கதவில் குங்குமத்தால் ஸ்வஸ்திகம் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாவது கை முடிவதற்குள் சகர்சந்த் சேட் வந்து என் முதுகில் மோதினார்.

"பென், ஏடு போச்சு!"

"உக்காருங்க சேட். கனு, அவருக்குத் தண்ணி கொடு. காய்ச்சின தண்ணி."

கனு என்பது நான்தான். கனு பாரோட். என் முன்னோர்கள் ராஜாக்களின் வம்சாவளியைப் பாடிப் பிழைத்தவர்கள். ராஜாக்கள் போய்விட்டார்கள், நாக்கு மட்டும் எனக்கு மிஞ்சியது. அந்த நாக்கை ஏழு வருஷமாகப் பொறுத்துக்கொண்டு என்னை உதவியாளனாக வைத்திருப்பவர் தர்ஷனாபென். எங்கள் ஊரில் பென் என்றால் அக்கா. அவருக்கு ஐம்பது வயது, சோடாபுட்டிக் கண்ணாடி, உருளைக்கிழங்கை எதிரியாகப் பார்க்கிற சுத்தமான ஜைன வீடு. அன்று அவருக்கு உபவாசம் வேறு. லாப பஞ்சமி மற்றவர்களுக்கு வியாபார நாள் என்றால், ஜைனர்களுக்கு அதே நாள் ஞான பஞ்சமி. சுவடிகளை வெளியே எடுத்துத் தூசி தட்டிப் பூஜை செய்கிற நாள்.

சகர்சந்த் சேட், சுவடிகளைக் காக்கிற கேசர்வாடா ஞானபண்டாரத்தின் தலைவர். கல்பசூத்திரம் என்கிற ஜைன நூலின் ஐந்நூறு வருஷத்துச் சித்திரச் சுவடி ஒன்று அந்தப் பண்டாரத்தின் உயிர். அதைப் பார்த்து, அதே மாதிரிக் காகிதத்தில், அதே கல் நிறங்களால் புதிதாக ஒரு பிரதி எழுத இரண்டு வருஷத்துக்கு முன்னால் முடிவு செய்தார்கள். வரைந்தவள் ஜசுமதி சிதாரா. அன்று மூன்று மணிக்குப் புதுப் புத்தகத்தை ஊர்வலமாகக் கொண்டுபோய் ஜைனத் துறவி மகராஜ் சாஹேப் கையில் கொடுப்பதாக ஏற்பாடு.

"கடைசி ஏடு ஒண்ணுதான் பாக்கி. திரிசலா ராணி பதினாலு கனவு காணற ஏடு. நேத்து சாயங்காலம் ஜசுமதி அதுக்குப் பொன் பூசி முடிச்சா. பழைய ஏட்டையும் புது ஏட்டையும் ரெண்டு மணையில பக்கத்துப் பக்கத்துல வெச்சுட்டு, பூட்டிட்டுப் போனா. காலையில வந்து பார்த்தா புதுசு இருக்கு, பழசைக் காணோம்" என்றார் சேட்.

"பூட்டு?"

"உடைக்கலை. சாவி நிலைப்படிக்கு மேலதான் இருக்கும்."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும்" என்று சேட் தலையைக் குனிந்துகொண்டார்.

"பூட்டுக்குப் பதிலா ஒரு போர்டு மாட்டியிருக்கலாம்" என்றேன். தர்ஷனாபென் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

"சந்தேகம் யார் மேல?"

"சந்தேகமே இல்லை பென், ஜசுமதிதான். பால்காரி ஜீவிபென் விடியக்காலையில பார்த்திருக்கா. மூக்கு, வாய் எல்லாம் வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு ஒரு உருவம் அந்த அறையிலேருந்து போச்சாம். எங்க பண்டாரத்துல மூஞ்சியில துணி கட்டிக்கிட்டு வேலை செய்யறவ அவ ஒருத்திதான். இன்னொண்ணு கேளுங்க. ரெண்டு ஏடும் அச்சு அசல் ஒண்ணு. எனக்கே வித்தியாசம் தெரியாது. திருடன் சரியாப் பழசைப் பார்த்து எடுத்திருக்கான். பாடண்ல பழசு எது, புதுசு எதுன்னு சொல்லக் கூடியவங்க ரெண்டே பேர். ஒண்ணு அவ. இன்னொருத்தர் நம்ம சம்பக்லால் பண்டிட். கண்ணை மூடிக்கிட்டே சொல்லிடுவேன்னு பெருமை பேசுவார். அவர் இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே போஷ விரதத்துல உக்காந்துட்டார்."

போஷம் என்றால் அன்று முழுக்கச் சாதுக்கள் தங்குகிற உபாசிரயத்தில் அவர்களைப் போலவே வாழ்வது. வீடு கிடையாது, வியாபாரம் கிடையாது, ஊர்க்கதை கிடையாது. எனக்குச் சொர்க்கத்திலேயே இடம் தருவதாகச் சொன்னாலும் என்னால் முடியாத காரியம்.

"மூணு மணிக்குள்ள ஏடு கிடைக்கலைன்னா?"

"போலீஸ்தான். அவ வரைஞ்ச நாப்பது ஏடும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். திருடின கை வரைஞ்சதை மகராஜ் சாஹேப் கையில எப்படி பென் கொடுக்கிறது?"

தர்ஷனாபென் எழுந்தார். நான் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை உதைத்தேன். அது மூன்றாவது உதையில்தான் கிளம்பும். அன்று ஏழாவது உதை வரை போனது.

ஜசுமதி பண்டாரத்தில் தான் வரைகிற அறையின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். விரல் நகங்களில் நீலம். இரண்டு வாட்டசாட்டமான டிரஸ்டிகள் அவளைக் காவல் காத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள்.

"அழுதியா?" என்றார் தர்ஷனாபென்.

"அழுதாக் கண்ணீர் நிறத்துல விழும் பென். ரெண்டு வருஷமா அந்தப் பழக்கமே விட்டுப் போச்சு. கேக்கறதைக் கேளுங்க. மூணு மணிக்கு ஊர்வலமாம், நாலு மணிக்கு எனக்கு ஜெயிலாம். எனக்கும் ஒரு நேரம் குறிச்சு வெச்சிருக்காங்க."

எனக்கு அவளை அப்போதே பிடித்துப் போயிற்று.

அறை சின்னது. சுவரோரம் கிளிஞ்சல்களிலும் மண் கிண்ணங்களிலும் நிறங்கள் இருந்தன. சிவப்புக்கு ஜாதிலிங்கம், நீலத்துக்கு லாஜவர்தக் கல், மஞ்சளுக்கு அரிதாரக் கல். பொன்னைத் தேய்த்து மெருகேற்றக் கம்பாத்து அகீக் கல் ஒன்று. கொக்கியில் ஒரு துணி தொங்கியது. சேட் சொன்ன முகத்துணி.

"அரிதாரம் விஷம். அரைக்கும்போது தூள் மூக்குல ஏறினா ஆறு மாசம் படுக்கைதான். அதுக்காகக் கட்டறது" என்றாள் ஜசுமதி.

தர்ஷனாபென் துணியைப் பிரித்துப் பார்த்தார். மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் அதில் ஹோலி ஆடியிருந்தன. வெள்ளை என்று சொல்லிக்கொள்ள ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை.

"பால்காரி பார்த்தது வெள்ளைத் துணி" என்றார்.

"வேற துணி கட்டியிருப்பா" என்றார் சேட்.

"திருடப் போகும்போது துவைச்ச துணியா? கல்யாணத்துக்குப் போற மாதிரி" என்றேன் நான். சேட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறை நடுவில் இரண்டு மரமணைகள். இடப்பக்க மணை காலி. வலப்பக்க மணையில், ஜன்னல் வெயில் படுகிற இடத்தில், புது ஏடு இருந்தது. சிவப்புப் பின்னணியில், தீர்த்தங்கரரைப் பெறப்போகிற ராணி படுத்திருக்கிறாள். அவளைச் சுற்றி யானை, காளை, சிங்கம், பூமாலை என்று பதினாலு கனவுகள். முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தாலும் அந்தப்பக்கத்துக் கண் முகத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பழைய சித்திரங்கள் எல்லாமே அப்படித்தான். பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று எட்டிப் பார்க்கிற கண்.

"அசலா இருக்கே!" என்று விரலை வைத்துவிட்டேன். ஜசுமதி என் கையில் பட்டென்று ஓர் அடி போட்டாள்.

"பொன் இன்னும் காயலை! பனிக்காலத்துல ஒரு நாள் எடுக்கும். வெயில் படட்டும்னுதான் ஜன்னல் பக்கத்து மணையில வெச்சேன்."

என் ஆள்காட்டி விரல் நுனியில் பொன் பளபளத்தது. துடைக்க மனசு வரவில்லை.

தர்ஷனாபென் குனிந்து ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ராணியின் தலைமாட்டில், ஈரப் பொன்மேல், மஞ்சளாக ஒரு சிட்டிகைப் பொடி ஒட்டியிருந்தது.

"இது நிறமா?"

"இல்லை பென். வாசப்பொடி. சந்தனமும் குங்குமப்பூவும் கலந்தது. கதவைத் திறந்தபோதே இருந்துச்சு. வந்த ஆத்திரத்துல யார் போட்டதுன்னு தெரிஞ்சா அவன் தலையில ஒரு கிண்ணம் ஜாதிலிங்கத்தைக் கவுத்திருப்பேன். ஈரப் பொன் மேல பொடி போடறவன் மனுஷனா?"

"சேட், நீங்க போட்டீங்களா?"

"நான் எதுக்குப் போடறேன்? திருட்டுப் போன இடத்துல பூஜையா?"

தர்ஷனாபென் அலமாரிப் பக்கம் போனார். நிறங்களுக்கு நடுவில் பொருந்தாமல் ஒரு தகர டப்பா நின்றது. சிவப்பு லேபிள், அதில் கொம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிற காளை. தச்சர்கள் வாங்குகிற வஜ்ஜிரப் பசை. மாட்டுத்தோலை வேகவைத்து எடுக்கிற சமாசாரம். நான் மூடியைத் திறந்தேன். உள்ளே தேன் நிறத்தில் கட்டிகட்டியாக என்னவோ இருந்தது.

"வேப்பம்பிசின். நிறம் கெட்டியாப் பிடிக்கிறதுக்கு" என்றாள் ஜசுமதி. "பிசின் வெச்சிருந்த சட்டி உடைஞ்சு போச்சு. பெட்டி செய்ய வந்த தச்சன் காலி டப்பாவை விட்டுட்டுப் போனான். சுடுதண்ணியில நாலு தடவை கழுவிட்டுப் போட்டு வெச்சேன்."

"எப்போ?"

"தீபாவளிக்கு மறுநாள்."

"அதுக்கப்புறம் எத்தனை ஏடு வரைஞ்சே?"

"இது ஒண்ணுதான்."

"இந்த அஞ்சு நாள்ல யாரெல்லாம் வந்தாங்க?"

"சேட் வந்தார். பண்டிட்ஜி வந்தார். பண்டிட்ஜி எப்பவும் அரை மணி நேரம் நின்னு குறை சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன், அப்புறம் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போவார். அன்னிக்குக் குறைகூடச் சொல்லலை. உடம்பு சரியில்லை போலன்னு நினைச்சேன்."

தர்ஷனாபென் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் என்ன என்று ஏழு வருஷமாக நான் கேட்டுவருகிறேன். ஒருநாளும் சொன்னதில்லை.

"கனு, வண்டியை எடு. எருமை பார்க்கப் போறோம்."

ஜீவிபென் பாலெல்லாம் ஊற்றிவிட்டு வந்து எருமைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாடு வளர்க்கிற ரபாரிப் பெண்களுக்கு உரத்த குரல். அவளுக்கு எருமைகளையே அதட்டி வளர்த்த குரல்.

"சேட்கிட்ட எல்லாம் சொன்னேன். பாதியிலேயே போதும் போதும்னுட்டார்."

"என்கிட்ட முழுசாச் சொல்லு. எங்களுக்கு அவசரமில்லை" என்று அங்கிருந்த கல்லில் உட்கார்ந்தார் தர்ஷனாபென். மணி பதினொன்று ஆகியிருந்தது. அவசரம் இல்லையாம்.

"அது மனுஷன் இல்லை பென். பேய்!"

"ஆணா, பெண்ணா?"

"பேயில என்ன ஆண், பெண்! தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளைப் போர்வை. மூக்கையும் வாயையும் சேர்த்து வெள்ளைத் துணி. கண்ணு மட்டும் தெரியுது. அதையாவது கண்ணுன்னு சொல்லலாமா? ரெண்டும் வெள்ளை. வட்ட வட்டமா, தயிர்க் கிண்ணம் மாதிரி. கருமுழியே இல்லை!"

"கையில என்ன இருந்துச்சு?"

"ரெண்டு கையையும் சேர்த்து நெத்திக்கு நேரா எதையோ தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. சாமி தூக்கறவங்க மாதிரி. செருப்பு இல்லை. தரையையே பார்த்துப் பார்த்து அடி வெச்சுது. அப்படிப் பார்த்து நடந்துமே நேரா வந்து என் எருமை மேல முட்டிக்கிச்சு பென்!"

"அப்புறம்?"

"எருமையைப் பார்த்து முணுமுணுன்னு ஏதோ சொல்லிட்டு, சுத்திக்கிட்டுப் போயிடுச்சு. மிச்சாமி துக்கடம்னு கேட்ட மாதிரி இருந்துச்சு."

நான் கீழே விழாத குறை. தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கெல்லாம் ஜைனர்கள் மன்னிப்புக் கேட்கிற வார்த்தை அது. வருஷத்துக்கு ஒருமுறை எனக்கே நாற்பது தபால் கார்டில் வரும். எருமைக்கு வந்ததாக இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"உன் எருமை என்ன சொல்லுச்சு?" என்றேன்.

"சாணி போட்டுச்சு" என்றாள் ஜீவிபென்.

திரும்பும்போது தர்ஷனாபென் பின்சீட்டில் பேசாமல் வந்தார். நான்தான் பேசினேன்.

"பென், திருடன் பொருளைக் கக்கத்துல இடுக்குவான், மடியில கட்டுவான். இவன் நெத்திக்கு நேரா தூக்கியிருக்கான். ஜைனன்தான். ஜசு இல்லை. ஆனா சேட் விடமாட்டார். அவ சொல்லிக் கொடுத்து வேற யாரோ எடுத்தாங்கம்பார். சரியாப் பழசைப் பார்த்து எடுத்திருக்கானே, அதுக்கு நாம பதில் வெச்சிருக்கணும்."

"இன்னிக்கு உன் மூளை வேலை செய்யுதே. காலையில என்ன சாப்பிட்டே?"

"உருளைக்கிழங்கு போண்டா."

"அதான் பாதிதான் வேலை செய்யுது."

பன்னிரண்டு மணிக்கு உபாசிரயத்துக்குப் போனோம். உபவாசக்காரர்களுக்கு அங்கேதான் காய்ச்சின தண்ணீர் கிடைக்கும். பெரிய அண்டாவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. தர்ஷனாபென் ஒரு லோட்டாவை வாங்கி முகத்தருகே கொண்டுபோனார். கண்ணாடி முழுக்க ஆவி படிந்து வெளுத்தது.

"அய்யோ, கருமுழியே இல்லை! பென்னும் பேயாயிட்டாங்க!" என்று சிரித்தேன்.

லோட்டா பாதி வழியில் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் என்னை அவர் மரியாதையாகப் பார்த்தது அது இரண்டாவது தடவை.

"கனு, காலைக் குளிர்ல மூக்கையும் வாயையும் துணியால மூடிக்கிட்டு மூச்சு விட்டா, அந்த மூச்சு எங்கே போகும்?"

"மேல போகும். கண்ணாடியில..." என்று நிறுத்தினேன்.

"எருமை மேல முட்டினவனுக்கு அதுக்கு முன்னாடி அறையிலேயும் கண்ணு தெரிஞ்சிருக்காது. அவன் மூஞ்சியை மறைக்கத் துணி கட்டலை. தன்னோட எச்சில் காத்து புனிதமான ஏட்டு மேல படக் கூடாதுன்னு கட்டியிருக்கான். பூஜைக்குக் கட்டற எட்டு மடிப்புத் துணி. வா, மாடிக்குப் போகலாம்."

மாடிக் கூடத்தில் போஷ விரதக்காரர்கள் வெள்ளை உடுத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில், தனியாக, சம்பக்லால் பண்டிட். எழுபது வயது. தர்ஷனாபென்னுடையதைவிடக் கனமான கண்ணாடி. ஐம்பது வருஷமாகப் பண்டாரத்தின் ஒவ்வொரு ஏட்டையும் விரலால் அறிந்தவர். எறும்பு போனால் நின்று வழிவிட்டுப் போகிறவர்.

தர்ஷனாபென் வணங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"பண்டிட்ஜி, விரதத்துல பொய் சொல்லக் கூடாதில்லையா?"

"விரதம் இல்லாத நாள்லயும் கூடாது, பென்."

"கனவு ஏட்டோட பழைய பிரதி எங்கே?"

"பழசா? ஜசுவோட அறையில மணை மேல இருக்கு" என்றார் பண்டிட், கொஞ்சமும் தடுமாறாமல். "விடியக்காலையில, விரதத்துல உக்காரறதுக்கு முன்னாடி, நான்தானே அதுக்கு வாசப்பொடி போட்டு நமஸ்காரம் பண்ணினேன். இன்னிக்கு ஞான பஞ்சமியாச்சே."

எனக்குத் தலை சுற்றியது. தர்ஷனாபென்னுக்குச் சுற்றவில்லை.

"அப்போ புதுசு?"

பண்டிட்டின் கை போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டது.

"அது என்கிட்ட இருக்கு" என்றார் கடைசியில். "தப்புதான். ஆனா வேற வழி தெரியலை. அவ அலமாரியில வஜ்ஜிர டப்பாவைப் பார்த்தேன் பென். காளைப் படம் போட்டது. மாட்டுத்தோல் பசையில குழைச்ச நிறத்தால பகவானோட அம்மாவை வரையறதா? அதை மகராஜ் சாஹேப் கையில கொடுக்கறதா? சபையில சொன்னா நாப்பது ஏடும் குப்பைக்குப் போகும். அந்தப் பொண்ணு பேரும் போகும். அவளைச் சேருங்கன்னு சேட்கிட்ட மல்லுக்கட்டினதே நான்தான். டப்பா வந்த பிறகு வரைஞ்சது அந்த ஒரு ஏடு. அதை மட்டும் எடுத்துட்டா மத்ததெல்லாம் சுத்தம். ஒரு ஏடு குறைஞ்சாக் குறையட்டும்னு நினைச்சேன். நாளைக்கு விரதம் முடிஞ்சதும் அவகிட்டயே தனியாச் சொல்லலாம்னு..."

"ஜசுவைத் திருடின்னு சொல்லி வாசல்ல உக்கார வெச்சிருக்காங்க" என்றார் தர்ஷனாபென். "மூணு மணி வரைக்கும் கெடு. அப்புறம் போலீஸ்."

பண்டிட் நிமிர்ந்தார். "ஜசுவையா? எதுக்கு? என்ன திருடினா?"

"பழைய ஏட்டை."

"பழசு அங்கேயே இருக்குன்னு சொல்றேனே! கண் இல்லாதவங்களா எல்லாரும்?" என்று எழுந்தே விட்டார். "கூட்டிட்டுப் போங்க, நான் காட்டறேன்!"

"முதல்ல உங்ககிட்ட இருக்கிறதைக் காட்டுங்க."

கூடத்து அலமாரியின் உச்சித் தட்டு. அவர் எப்படியோ எக்கி வைத்திருந்தார். நான் ஏறி எடுத்துக் கொடுத்தேன். துவைத்து மடித்த வெள்ளைத் துணியில் சுற்றி, மூலையில் ஒரு சின்ன முடிச்சு வேறு. முகர்ந்தேன். வசம்பு. பூச்சி அரிக்காமல் இருக்கச் சுவடிப் பெட்டிகளில் போடுகிற வசம்பு.

"கெட்டுப்போன ஏடுன்னு திருடிட்டு வந்து, அதுக்கும் வசம்பா பண்டிட்ஜி? கைதிக்குக் கொசுவலை கட்டின மாதிரி இருக்கே" என்றேன்.

"எழுத்து இருக்கேப்பா அதுல. எழுத்து என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் அவர். நான் அடுத்து சொல்ல வைத்திருந்த கிண்டலை விழுங்கிவிட்டேன்.

தர்ஷனாபென் துணியை மெல்லப் பிரித்தார். ராணி, யானை, காளை, சிங்கம், பூமாலை. ஜசுமதியின் அறையில் பார்த்த அதே ஏடு.

"கனு, உன் விரலைக் காட்டு."

ஆள்காட்டி விரலை நீட்டினேன். பொன் இன்னும் நுனியில் இருந்தது.

"பண்டிட்ஜி, நேத்து சாயங்காலம் பூசின பொன் இன்னிக்குப் பத்து மணிக்கு இவன் விரல்ல ஒட்டிக்கிச்சு. விடியக்காலையில நீங்க புது ஏட்டை எடுத்து இந்தத் துணியில சுத்தியிருந்தா, துணி முழுக்கப் பொன் ஒட்டியிருக்கணும். பாருங்க. ஒரு புள்ளி இல்லை."

பண்டிட் துணியைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"பழசு எப்பவும் வலப்பக்கம்" என்றார் மெதுவாக. "ரெண்டு வருஷமா வலப்பக்கம்தான்."

"நேத்து மட்டும் மாத்தி வெச்சிருக்கா. வெயில் வலப்பக்க ஜன்னல்ல விழும், பொன் காயணும்னு. அவ அதைச் சொன்னப்போ எனக்கும் உறைக்கலை. புது ஏட்டு மேல வாசப்பொடி இருந்துச்சு. பழசைத் திருடறவன் எதுக்குப் புதுசுக்குப் பூஜை பண்ணணும்? அதைப் பழசுன்னு நினைச்சாத்தான் பண்ணுவான். உங்க கண்ணாடி மூச்சுல வெளுத்திருந்துச்சு. மூக்குல துணி, புது நிறத்தோட வாசனையும் தெரியலை. கண்ணாடியைத் துடைச்சுட்டு இப்பப் பாருங்க."

அவர் துடைத்தார். ஏட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஓரங்களைப் பார்த்து, பின்பக்கத்தைப் பார்த்து, ராணியின் வெளியே நீட்டின கண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது பழசு" என்றார்.

"கண்ணை மூடிக்கிட்டே கண்டுபிடிப்பேன்னு சொல்வீங்களாமே பண்டிட்ஜி" என்றேன். "இன்னிக்கு அப்படித்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"சும்மா இரு கனு" என்றார் தர்ஷனாபென். அவர் உதட்டோரத்திலும் சிரிப்பு இருந்ததைப் பார்த்தேன். "இன்னொண்ணு, பண்டிட்ஜி. அந்தக் காளை டப்பாவைத் திறந்து பார்த்தீங்களா?"

"தொடக்கூட இல்லை."

"வேப்பம்பிசின். தச்சனோட காலி டப்பா. நாலு தடவை கழுவியிருக்கா."

பண்டிட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். ஐம்பது வருஷம் காத்த ஏட்டைத் தானே திருடி, சுத்தமான ஏட்டை அசுத்தம் என்று நினைத்து, கடைசியில் அந்த ஏட்டையே பழசென்று வணங்கிவிட்டு வந்தவர். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் அடக்க நான் படாதபாடு பட்டேன்.

"நான் இப்பவே போய் அவ கால்ல..."

"விரதத்தை விட்டுட்டு வர வேண்டாம். ஊர்வலம் இந்த வாசல் வழியாத்தான் போகும். மூணு மணிக்குக் கீழே இறங்கி வாங்க, போதும்."

சேட்டிடம் ஏட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொல்ல எனக்குப் பத்து நிமிஷம் பிடித்தது. நம்ப அவருக்கு இருபது நிமிஷம் பிடித்தது. எருமை வரைக்கும் வந்ததும் அவரே சிரித்துவிட்டார். பிறகு ஜசுமதி முன்னால் போய் நின்று, தொண்டையைக் கனைத்து, மேல் துண்டைச் சரிசெய்து, இன்னொரு முறை கனைத்தார்.

"கைகூப்பத் தெரியாதா சேட்?" என்றார் தர்ஷனாபென். அவர் கூப்பினார். காவல் நின்ற இரண்டு டிரஸ்டிகளும் அவசரமாகக் கூப்பினார்கள்.

"போலீஸ் வேண்டாமா அப்போ? நான் மாத்துப் புடவைகூட எடுத்து வெச்சிருந்தேனே" என்றாள் ஜசுமதி. அதைச் சொல்லும்போது அவள் குரல் முதன்முதலாக நடுங்கியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அது.

வெயிலில் பொன் காய்ந்துவிட்டது. வாசப்பொடியும் அதோடு சேர்ந்து காய்ந்துவிட்டது. சேட் அதைச் சுட்டிக்காட்டி, "இதைச் சுரண்டிட்டு இன்னொரு தடவை பொன் பூசிடேன். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே" என்றார்.

"தொடக் கூடாது" என்றாள் ஜசுமதி. "சம்பக்லால் பண்டிட் என் ஏட்டுக்குப் போட்ட பொடி அது. என் வேலைக்கு இதைவிட நல்ல அத்தாட்சி யார் தருவாங்க?"

மூன்று மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. மேளதாளம், பாட்டு, பட்டுப் புடவைகள், புது வருஷத்துச் சட்டைகள். நாற்பத்தோரு ஏடும் அலங்கரித்த பல்லக்கில். கனவு ஏடு எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாரும் பார்க்கும்படி. ஜசுமதி பல்லக்குக்குப் பக்கத்தில் நடந்தாள். அவளை அங்கே நடக்கச் சொன்னது சேட்தான்.

உபாசிரயத்து வாசலில் ஊர்வலம் நின்றது. பண்டிட் படியிறங்கி வந்தார். வெறுங்கால், வெள்ளைப் போர்வை. கூட்டத்தில் பால் பாத்திரத்தோடு நின்ற ஜீவிபென் "அய்யோ, அந்தப் பேய்!" என்று கத்தினாள். அவளை நான் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

பண்டிட் ஜசுமதியின் முன்னால் கைகூப்பி நின்றார். "மிச்சாமி துக்கடம், ஜசு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எருமைகிட்ட சொன்னதும் இதுதானாமே பண்டிட்ஜி. அதுக்கும் எனக்கும் ஒரே மன்னிப்பா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "நீ என்ன சொன்னாலும் செய்யறேம்மா" என்றார்.

"பெரிசா ஒண்ணும் வேண்டாம்" என்று அவள் கனவு ஏட்டை எடுத்து இரண்டு கையிலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினாள். "காலையில இதைப் பழசுன்னு நினைச்சு நமஸ்காரம் பண்ணினீங்க. இப்போ கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, புதுசுன்னு தெரிஞ்சு, ஒரு தடவை பண்ணுங்க."

பண்டிட் கண்ணாடியைக் கழற்றிப் போர்வை நுனியால் துடைத்தார். ஒரு தடவை துடைத்து மாட்டினார். மறுபடி கழற்றினார். துடைக்க வேண்டியது கண்ணாடியை மட்டும் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை, மேளக்காரர்கள்கூட.

பிறகு அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏட்டை நன்றாகப் பார்த்துவிட்டு, அவள் கைகளுக்கு முன்னால் குனிந்தார்.